நாப்பத்திநாலாம் புள்ளி

பிப்ரவரி 9

அளந்தேன். நீ கேட்டதுக்கு அதான் பதில். இதுக்கு மேல படிக்க இஷ்டமில்லன்னா கிழிச்சுப் போட்டுடு.

ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. போன்ல என் நம்பரை அடைச்சு வச்சிருக்க. அம்மா என் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிடறியாம். திடீர்னு ஒரு கவர் வருது. உன் கையெழுத்தைப் பாத்ததும் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னுதான் நெனச்சேன். பிரிச்சா உள்ள ஒரே வரி: "கொதிநீர் லைன்ல 44-ஆம் புள்ளியை மீட்டர் வச்சு அளந்தியா?" நல்லா இருக்கியான்னு இல்ல. உயிரோட இருக்கியான்னு கூட இல்ல. குழாயைப் பத்தித்தான் கவலை.

உன் புது ஆலை ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒன்பது நாள் அந்த மீட்டரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு சாரம் சாரமா ஏறி எறங்கினவன் நான்தானே. குழாயோட சுவர் எத்தனை மில்லிமீட்டர் கனம்னு நூத்திப் பன்னெண்டு எடத்துல பாத்து எழுதிக் குடுத்தேன். நீ வாங்கிப் பாத்து கையெழுத்தும் போட்ட. அன்னிக்கு சாயங்காலமே ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்ன? "இவனுக்குப் பாதின்னு சும்மாவா பேரு வச்சோம்? காலேஜும் பாதி, வேலையும் பாதி." உன் கீழ வேலை பாக்கறவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. ஹெல்மெட்டைக் கழட்டி உன் மேஜை மேல வச்சுட்டு வந்தவன்தான் நான்.

இப்ப என்ன பண்றேன்னு நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இங்கயும் ஒரு புது ஆலை கட்டறாங்க. குழாய்க்கு சட்டை போடற வேலை எனக்கு. சூடு வெளிய போகாம இருக்கறதுக்கு கம்பளி மாதிரி ஒண்ணைச் சுத்தி, மேல தகரத்தை மடிச்சு மூடி, திருகாணி போடணும். ஒடம்பெல்லாம் அரிக்கும். ஆனா இங்க எவனும் எனக்கு அக்கா இல்ல. நிம்மதியா இருக்கேன்.

பதில் போடறதுன்னா மேல இருக்கற விலாசத்துக்குப் போடு. அம்மா மூலமா அனுப்பாத. அம்மா பிரிச்சுப் படிச்சுட்டுத் திரும்ப ஒட்டி அனுப்புது. ஒட்டறதையாவது ஒழுங்கா ஒட்டுதான்னா அதுவும் இல்ல.

பாதி


பிப்ரவரி 17

தம்பி,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிச்ச கடுதாசி நாலு கிழிச்சேன். அடிச்சு அடிச்சு கடைசில மிஞ்சினது அந்த ஒரு வரிதான். தப்புதான். நல்லா இருக்கியா? அரிப்புக்கு முழுக்கைச் சட்டை போடு. வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணில குளி, வெந்நீர் ஊத்தாத.

விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஆலையை மொத தடவையா பத்து நாள் நிறுத்தினோம். மாதிரிக்குப் பத்து எடத்துல சட்டையைக் கழட்டி மறுபடி அளந்தோம். 41-ஆம் புள்ளி, புதுசுல 10.9ன்னு நீ எழுதியிருக்க. இப்ப 10.4. ரெண்டு வருஷத்துல அரை மில்லிமீட்டர்தான் தேஞ்சிருக்கு. நல்ல சேதி. இனி நாலு வருஷம் கழிச்சுப் பாத்தாப் போதும்னு அட்டவணை போட்டேன். போட்டுட்டு அடுத்த வரிக்குப் போறேன், 44. புதுசுல 10.9. இப்ப 11.8.

புரியுதா? ரெண்டு வருஷம் கொதிக்கற தண்ணி உள்ள ஓடி, இரும்பு ஒரு சுத்து பெருத்திருக்கு, கல்யாணம் ஆன புது மாப்பிள்ளை மாதிரி. இரும்பு தேயும், துருப்பிடிக்கும், வெடிக்கும். சதை போடாதுடா.

இந்த ஆலை வெறும் படமா இருந்தப்பவே நான் ஆறு வாரம் கேட்டேன், ஞாபகம் இருக்கா? சாப்பிட உக்காந்தா அதைத்தான் பேசுவேன், நீ காதைப் பொத்திக்குவ. எந்த மெஷின் நின்னா எதெல்லாம் நிக்கும், எதுக்கு எந்த உதிரி பாகம் கையில இருக்கணும், எந்த வால்வு பக்கத்துல ஒரு ஆள் நின்னு திருக எடம் இருக்கு, இதையெல்லாம் ஆலை பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும்னு. ஒரு சுவரை எட்டடி தள்ளிக் கட்ட வச்சேன், இல்லன்னா கொதிகலனோட குழாய்க் கொத்தை ரிப்பேருக்கு வெளிய உருவவே முடியாது. இதெல்லாத்தையும் விட முக்கியம் மொத நாள் அளவு. சட்டை போட்டு மூடி, தண்ணி ஓட விட்டுட்டா அந்த மொத நாள் திரும்ப வராது. அது இல்லாம இன்னிக்கு அளக்கற அளவுக்கு அர்த்தமே கிடையாது.

கட்டுமானத் தலைவர், நாம 'எப்ப முடியும்'னு பேர் வச்சோமே அவர்தான், "பொறக்காத புள்ளைக்கு இப்பவே மருந்துச் சீட்டு எழுதறீங்களேம்மா"ன்னு கூட்டத்துல எல்லாரையும் சிரிக்க வச்சார். ஆறு வாரம் மூணாச்சு. மூணு, ஒன்பது நாளாச்சு. ஒன்பது நாளைக்கு வெளியாள் யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. அதான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்னு ஊர் பூரா சொன்னேன்னா, அது பாதிப் பொய். எனக்கு வேற ஆள் இல்ல.

இதை போன்லயே கேக்கலாம். கேட்டா நீ கத்துவ, நான் அதைவிடக் கத்துவேன். கடுதாசில நடுவுல பூந்து பேச முடியாது.

திட்டறதுக்குக் கேக்கல. லைன் இப்ப மறுபடி ஓடிட்டிருக்கு. மூணு ஷிப்டு ஆளுங்களும் அதுக்குக் கீழதான் கேன்டீனுக்கு நடந்து போறாங்க. 44-ஐ அளந்தியா?

அக்கா


பிப்ரவரி 25

அளந்தேன்னு சொன்னேன்ல? எத்தனை தடவை சொல்லணும்? ஸ்டாம்பு பேப்பர்ல எழுதித் தரட்டா?

இப்ப அளந்தவன் தப்பா அளந்திருப்பான். பெயின்ட் மேலயே வச்சுப் பாத்திருப்பான். இல்ல உன் மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். ஆயிரம் காரணம் இருக்கு, உனக்கு மட்டும் நேரா என் மூஞ்சிதான் ஞாபகம் வரும். சின்ன வயசுலயும் அப்படித்தான். கண்ணாடி ஒடஞ்சாலும் நான், கரண்டு போனாலும் நான்.

நேத்து இங்க ஒரு கூத்து. பம்ப் ரூம்ல ஒரு வளைவுக்கு சட்டை போட்டுக்கிட்டிருந்தேன். தகரத்தை மடிக்கும்போது என்னமோ தோணி மேஸ்திரிகிட்ட, "இதை யாராச்சும் அளந்தாச்சாண்ணே?"ன்னு கேட்டுட்டேன்.

"எதுக்குடா அளக்கணும்? குழாய்க்கு பேன்ட்டா தைக்கப் போறோம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் அவரே, "அதெல்லாம் ஆலை ஓட ஆரம்பிச்சதும் வேற ஆளுங்க வந்து பாப்பாங்க, நீ திருகாணியைப் போடு"ன்னார். போட்டேன். இங்க உன்னை மாதிரி தொண்டை கிழியக் கத்தறதுக்கு ஒருத்தரும் இல்லக்கா. படம் இருக்கு, குழாய் இருக்கு, தெறக்கற தேதி இருக்கு. அவ்வளவுதான்.

வேற ஒண்ணு எழுதத்தான் உக்காந்தேன். வேணாம், விடு.

பாதி


மார்ச் 6

44-ஐ இப்ப அளந்தது நான்தான். நானே சாரத்துல ஏறி, பெயின்ட்டைச் சுரண்டி, ரெண்டு மீட்டரை மாத்தி மாத்தி வச்சு மூணு தடவை பாத்தேன். 11.8. அதனால மீட்டர் மேல பழி போடாத, அது பாவம்.

நீ எழுத வந்து விட்டது என்னன்னு எனக்குத் தெரியும்னு நெனக்கறேன். அதைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம உன்னை மட்டும் சொல்லச் சொல்றது நியாயம் இல்ல.

உன் அளவு நோட்டுல ஆறாம் பக்கம். 38-ல இருந்து 66 வரைக்கும் இருபத்தொன்பது வரி. இருபத்தொன்பதும் 10.9. ஒரு எடத்துல கூட 10.8 இல்ல, 11 இல்ல. படத்துல போட்டிருக்கற அதே 10.9. நெஜக் குழாய் அப்படி இருக்காது. ஒரே வயித்துல பொறந்த நீயும் நானுமே ஒரே மாதிரி இல்லையே.

அதை நான் அன்னிக்கே பாத்தேன்டா.

பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி முன்னாடி வந்து பாத்தேன். 'எப்ப முடியும்' கதவுல சாஞ்சுக்கிட்டு, பேனா மூடியைக் கழட்டி நீட்டிக்கிட்டு நிக்கறார். "அம்மா, நாளைக்குக் காலைல தண்ணி விடறோம், நீங்க ஒருத்தர்தான் பாக்கி"ங்கறார். நீ பத்தடி தள்ளித்தான் உக்காந்திருந்த, ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு. "என்னடா இது?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா நீ நெஜத்தைச் சொல்லிடுவியோன்னு பயம். நீ சொல்லிட்டா நான் நிறுத்தணும். ரெண்டு வருஷமா மொத அளவு மொத அளவுன்னு மேளம் கொட்டினவளே, அந்த மொத அளவு என்கிட்ட இல்லன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லணும். கையெழுத்து போட்டேன்.

போட்டுட்டு வெளிய வந்துதான் உன்னை அப்படிப் பேசினேன். உன் மேல கோவம்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. எனக்கு வந்தது என் மேல. கைக்கெட்டின தூரத்துல நீ இருந்த.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லிட்டேன். இனி நீ சொல்லு.

அக்கா


மார்ச் 13

இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா என்னக்கா? நான் ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கல, தெரியுமா. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் உன்கிட்டயே பேச முடியாம இருந்தேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு ஊர்ல தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கோம்.

சரி. 38-ஐ அளந்தேன். பம்ப்பைத் தாண்டினதும் வர்ற மொத வளைவு. மிச்சம் இருபத்தெட்டையும் அளக்கல.

ஏழாம் நாள் அது. சாரக்காரங்க அந்தக் கடைசில இருந்து பலகையை உருவ ஆரம்பிச்சுட்டாங்க. சட்டை போடறவங்க ஆறு பேர் கீழ டீ கிளாஸோட உக்காந்துக்கிட்டு, "என்ன டாக்டரு, நாடி கெடைச்சுதா?"ன்னு கிண்டல் பண்றாங்க. மீட்டரை வச்சேன். 13.1. படத்துல 10.9. மறுபடி வச்சேன். 13.1. மீட்டரைச் சோதிக்கறதுக்குன்னு ஒரு இரும்புக் கட்டை குடுத்திருந்தியே, அதுல வச்சுப் பாத்தேன். சரியாத்தான் காட்டுது. அப்ப குழாய் தப்பா? குழாய் எப்படித் தப்பா இருக்கும்? படம் போட்டவன் இன்ஜினியர். நான் மூணாம் வருஷத்துல ஓடி வந்தவன். நான் வச்ச விதம்தான் தப்புன்னு முடிவு பண்ணிட்டேன். 10.9 எழுதினேன்.

உன்னைக் கேட்டிருக்கலாம். அன்னிக்குக் காலைலதான் வேற ஒரு சந்தேகம் கேட்டேன். "இது கூடவா தெரியாது, மூணு வருஷம் அங்க என்னத்தைக் கிழிச்ச?"ன்னுட்டு போயிட்ட. ஒரே நாள்ல ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்க மனசு வரல. நீ எத்தனையோ தடவை அப்படித் திட்டியிருக்க, நானும் எத்தனையோ தடவை தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கேன். அன்னிக்கு மட்டும் ஏன் ரோஷம் வந்துச்சுன்னு தெரியல.

கையில இருக்கற மீட்டரை விட்டுட்டு ஒரு தடவை படத்தை நம்பிட்டா, அடுத்ததை எதுக்கு அளக்கணும்? எல்லாம்தான் படத்துல இருக்கே. பலகை மேல சம்மணம் போட்டு உக்காந்து இருபத்தெட்டு தடவை 10.9 எழுதினேன். கால் மணி நேரம் ஆச்சு. எறங்கி வந்து அவங்ககிட்டயே ஒரு டீ வாங்கிக் குடிச்சேன்.

இங்க ஒரு வெல்டர் அண்ணன் இருக்கார். நேத்து சும்மா கேக்கற மாதிரி, வளைவு மட்டும் கனமா இருக்குமான்னு கேட்டேன். "வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டு மெலிஞ்சுடும்ல, அதனால மொதல்லயே கூடுதல் கனத்துல செய்வாங்க. நேர்க்குழாயை விட வளைவு தடியாத்தான் வரும். சட்டை போடற பயலுக்குக் கூடத் தெரியுமே"ன்னார். அந்தப் பய எதிர்ல நிக்கறதை மறந்துட்டார்.

அப்புறம்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். 44-உம் ஒரு வளைவு, அதான் பெருத்த மாதிரி தெரிஞ்சிருக்கு. 41-உம் வளைவுதானே? அதுவும் புதுசுல 13 இருந்திருந்தா? இப்ப 10.4. அரை மில்லிமீட்டர் இல்லக்கா, ரெண்டரைக்கு மேல போயிருக்கு. இப்ப எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாத் தேயுதுன்னு தெரியாது, ஏன்னா நான் எழுதினது பொய். அந்தப் பொய்யை வச்சுத்தான் நீ நாலு வருஷம்னு போட்டிருக்க. 38 இன்னும் மோசம். பம்ப்புல இருந்து தண்ணி நேரா வந்து மோதற எடம். அதை நீங்க மாதிரிக்குக் கூட எடுக்கல.

லைனை நிறுத்து.

உன் போன்தான் எனக்குப் பூட்டு. காலைல உன் ஆபீஸுக்கு மூணு தடவை பண்ணேன். ரெண்டு தடவை "மீட்டிங்ல இருக்காங்க, என்ன விஷயம்?"னு கேட்டதும் வச்சுட்டேன். மூணாவது தடவை சொல்லிட்டேன்: "அவங்க தம்பி பேசறேன், நாப்பத்தொண்ணு பொய், லைனை உடனே நிறுத்தச் சொல்லுங்க"ன்னு. அந்த ஆள், "நாப்பத்தொண்ணு யாருங்க?"ங்கறான். எழுதிக்கிட்டானா இல்லையா தெரியல. அதான் இதைக் கூரியர்ல அனுப்பறேன்.

ரெண்டு வாரம் முன்னாடி கிண்டலா பதில் எழுதினேனே, அந்த ரெண்டு வாரமும் லைன் ஓடிட்டுத்தான் இருந்திருக்கு.


மார்ச் 24

தம்பி,

கூரியருக்கு முன்னாடி சீட்டு வந்துடுச்சு. மீட்டிங் நடுவுல குடுத்தாங்க. "உங்க தம்பி. 41 பொய். லைன் நிறுத்தணுமாம்." கடைசில ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி வரைக்கும் படிக்கல, எந்திரிச்சு ஓடினேன். செருப்பு ஒண்ணு மேஜைக்கு அடியிலயே கெடந்துச்சாம்.

பதினோரு மணிக்கு லைன் நின்னுச்சு. சூடு ஆறினதும் 38-ல சட்டையைக் கழட்டினோம். 7.2. ஏழுக்குக் கீழ போனா ஓட்டக் கூடாது. பம்ப் ஆப்பரேட்டர் அண்ணன், அதுக்கு நேர் கீழ ஸ்டூல் போட்டு பேப்பர் படிப்பாரே, அவர் மீட்டரை எட்டிப் பாத்துட்டு, "ஏழு இருக்கேம்மா, பரவால்லயே"ன்னார். எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. 13.1-ல இருந்து வந்த வேகத்துக்கு, அந்த ஏழைத் தொட மூணு, நாலு வாரம் போதும். எனக்கு அட்டவணைல நாலு வருஷம்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதை மொதல்ல எழுதியிருக்கணும்.

ஆறாம் பக்கத்தைப் பத்தி நானே சொல்லிட்டேன். பாத்தேன், சந்தேகப்பட்டேன், கையெழுத்து போட்டேன்னு, அதே வரிசைல. யாரும் திட்டல. திட்டியிருந்தா தேவலை. 'எப்ப முடியும்' மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார், அந்தப் பேனா அவரோடதுதானே.

இப்ப எழுதறது ஆலையில இருந்து இல்ல. விசாரணை முடியற வரைக்கும் என்னை வேற ஊர்ல இருக்கற பழைய கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ரேக் ரேக்கா துருப்பிடிச்ச உதிரி பாகம். எந்த மெஷினுக்கு வாங்கினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொண்ணையும் தொடைச்சு சீட்டு கட்டறேன்.

உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. ரெண்டாவது யூனிட் கட்டப் போறாங்க. இன்னும் வெறும் படம்தான். பராமரிப்புத் திட்டம் மொத நாள்ல இருந்தே என் பொறுப்புன்னு போன மாசம்தான் சொன்னாங்க. ஆறு வாரம் கேட்டேன், எட்டு எடுத்துக்கோன்னாங்க. எட்டு! அம்மாகிட்ட கூட சொல்லல, கண்ணு பட்டுடும்னு. இப்ப அதை நிறுத்தி வச்சிருக்காங்க.

உன்னைக் கூப்பிடுவாங்க. நீ வந்து எது நெஜ அளவு, எது இல்லன்னு லைன்ல நின்னு காட்டணும். மத்த எண்பத்திமூணும் சரின்னா ஒரு வாரத்துல ஆலை ஓடும். ஒரு பக்கம்தான் தப்புன்னா என் விஷயத்தையும் ஒரு கண்டிப்போட முடிச்சுடலாம்னு ஒருத்தர் காதுல போட்டார். அதுக்கு மேலன்னா, சட்டை மொத்தத்தையும் உரிக்கணும். ஒரு மாசம் ஆகும். அப்ப ரெண்டாவது யூனிட்டுக்கு வேற ஆள்தான்.

கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் கேக்கறேன். இருபத்தொன்பதுதானேடா? அதுக்கு மேல இல்லையே?

அக்கா

உன் நம்பரைத் திறந்துட்டேன். இங்க சிக்னல்தான் இல்ல.


ஏப்ரல் 3

இல்லக்கா. இருபத்தொன்பது இல்ல.

ஆலை வரவேற்பறைல உக்காந்து எழுதறேன். போனை கேட்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. காயிதம் கேட்டா, செக்யூரிட்டி அண்ணன் கேட் பாஸ் கட்டைல இருந்து நாலு கிழிச்சுக் குடுத்தார். இதுக்கு முன்பக்கத்துல 'வந்த நோக்கம்'னு போட்டிருக்கும், அதைப் பாக்காத.

ஆறாம் பக்கத்தை மட்டும்தான் சொன்னேன், ஏன்னா அதை மட்டும்தான் நீ கண்டுபிடிச்ச. மிச்சத்தையும் போன லெட்டர்லயே எழுதியிருக்கணும். எழுதப் போனேன், பேனா நகரல. ஒரு தப்பை ஒத்துக்கிட்டதுமே பெரிய மனுஷன் ஆன மாதிரி இருந்துச்சு, அதைக் கெடுத்துக்க மனசில்ல.

எட்டாம் நாள் காலைல, ஒரே நம்பரா எழுதினா மாட்டிக்குவோம்னு எனக்கு புத்தி வந்துச்சு. வந்த புத்தியைப் பாரு. அதுக்கப்புறம் எட்டு, ஒன்பது ரெண்டு நாளும் 10.7, 11, 10.8, 11.1ன்னு மாத்தி மாத்திப் போட்டேன். சாரம் இருந்த எடத்துல அளந்தேன். இல்லாத எடத்துல கதை விட்டேன். எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் பாக்க அவ்வளவு அழகா இருக்கும். உன் கண்ணுக்கே தப்பா தெரியலன்னா பாத்துக்கோ. அது முப்பத்தேழு வரி. அதுல எது அளந்தது, எது விட்டதுன்னு எனக்கே தெரியல. பொய்யை நல்லாச் செஞ்சா செஞ்சவனுக்கே அடையாளம் தெரியாமப் போயிடும் போல.

நாலு நாளா, ஆலையில இருந்து அனுப்பின என் அளவு நோட்டு ஜெராக்ஸை வச்சுக்கிட்டு ஒவ்வொரு புள்ளியா கண்ணை மூடி யோசிச்சேன். வெயில் அடிச்சுதா, யார் ஏணியைப் பிடிச்சா, எந்தக் கைல பேனா இருந்துச்சுன்னு. நாப்பத்தாறுக்கு சத்தியம் பண்ணுவேன். அறுபத்தாறுக்கு முடியாது.

வர்ற வழி பூரா பஸ்ல "இருபத்தொன்பது, இருபத்தொன்பது"ன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நல்லாத்தான் வருது வாயில. உனக்கு எட்டு வாரம் கெடைக்கும், நீ மறுபடி சாப்பிடும்போது வால்வு, சுவர்னு பேசுவ, நான் காதைப் பொத்திக்குவேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு லாட்டரி பைத்தியம்னு நெனச்சிருப்பார்.

எறங்கி உள்ள வந்தா, அந்த பம்ப் அண்ணன் கேட்லயே நிக்கறார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நீதான் போன் பண்ண தம்பியா? உன் புண்ணியத்துல என் புள்ளைங்களுக்கு அப்பன் இருக்கேன்"ங்கறார். ஆள் பேசப் பேச என் காதுல ஒண்ணும் ஏறல. ஆலை ஓடாம இருக்கறதால அப்படி ஒரு அமைதி, தூரத்துல யாரோ ஸ்பேனரைக் கீழ போட்டது கூடக் கேட்டுச்சு.

'எப்ப முடியும்' ரெண்டு டீயோட அவரே வந்து பக்கத்துல உக்காந்தார். இளைச்சுட்டார். "தம்பி, பதட்டப்படாம நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. ஒரு பக்கம்தானே? அக்காவுக்கும் அதான் நல்லது"ன்னார். மெரட்டல அவர். கெஞ்சற மாதிரி இருந்துச்சு. "எனக்கு ஞாபகம் இல்லாததும் இருக்கு சார்"ன்னேன். டீயைக் கீழ வச்சுட்டு, "எத்தனை?"ன்னார். வழக்கமா அவர் கேக்கற கேள்வி அது இல்லையே, எனக்கு ஒரு நிமிஷம் யார் பேசறாங்கன்னே புரியல. அதிகாரிங்க எல்லாரும் வரட்டும், ஒரே தடவை சொல்றேன்னுட்டேன்.

அறுபத்தாறுன்னு சொல்லப் போறேன்க்கா. மொத்தச் சட்டையையும் உரிக்கச் சொல்லப் போறேன். அதோட உன் ரெண்டாவது யூனிட் போயிடும், எனக்குத் தெரியும். நீ என்கிட்ட வாயைத் திறந்து கேட்டது வாழ்க்கைல ஒரே ஒரு விஷயம். அதுக்கு ஆமான்னு சொல்ல முடியல. நீ அழுவியா, கடுதாசியைக் கிழிப்பியா, மறுபடி நம்பரை அடைப்பியா, எது பண்ணாலும் பண்ணிக்கோ. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். மன்னிச்சுக்கோன்னு எழுதி எழுதி மூணு தடவை அடிச்சுட்டேன், அந்த வார்த்தை ரொம்பச் சின்னதா

கூப்பிட்டுட்டாங்க. ஹெல்மெட் குடுக்கறாங்க. ஒண்ணாம் புள்ளியில இருந்து நடந்து காட்டணுமாம். போணும்க்கா.